கல்வெட்டில் இடம்பெறாத உத்தியோகம்

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகள் நிறைவேறியபின், மதிய போசனத்துக்கு வந்தோர் கையில் சிறு நூல் ஒன்று கொடுக்கப்படும். அதனைக் கல்வெட்டு என்பர். கல்லும் இல்லை, உளியும் இல்லை, தாளில் அச்சிட்டதுதான். எனினும் அப்பெயர் நிலைத்துவிட்டது. அட்டையில் அமரரின் படம் இருக்கும். உள்ளே விநாயகர் துதி, திதி வெண்பா, பஞ்ச புராணம், வம்சாவளி, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், ஈற்றில் நன்றி நவிலல். பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்பதனால் இத்தகைய நூல்கள் பலவற்றை எழுதிக் கொடுக்கவும் பிழை திருத்தவும் நேர்ந்ததுண்டு. எங்கள் சமூகத்தின் வரலாற்றை எழுத முற்படுபவர் எவரும் இவற்றை ஒதுக்க முடியாது என்பது என் கருத்து. ஓர் ஊரவர் எவற்றைப் பெருமையாகக் கருதினர் என்பதையும் எவற்றை மறைத்தனர் என்பதையும் கல்வெட்டுகள் சொல்லும்.

அளவெட்டியை எடுத்துக்கொள்வோம். கும்பழாவளைப் பிள்ளையார் வீற்றிருக்கும் ஊர். என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரமும் தெட்சணாமூர்த்தியின் தவிலும் ஒலித்த ஊர். மகாகவி என்ற பெயரில் எழுதிய உருத்திரமூர்த்தியின் ஊர். இத்தகையோரை நினைவுகூர்வதற்கு அவ்வூரில் சொற்பஞ்சம் இருந்ததில்லை. ஆசிரியர், தபாலதிபர், கிராம சேவையாளர், சங்கக்கடை முகாமையாளர் என்றாலும் அவரவர் உத்தியோகத்துக்கு ஏற்ற வாசகங்கள் ஆயத்தமாக உள்ளன. ஆனால் ஒருவகை மனிதர் இறந்தால் எழுதுபவர் கை தயங்கும். குடியில் வீழ்ந்து மீண்டு, அதன்பின் தம் ஆயுளில் எஞ்சிய மாலைப்பொழுதுகளை, குடியை விடமுடியாத வேறு மனிதர்களோடு இருந்து பேசி அவர்களை மீட்பதில் செலவிட்ட குடும்பஸ்தரே அவர். அவருக்கும் கல்வெட்டு அச்சாகும். அன்பான கணவர், பாசமிகு தந்தை, பண்பாளர், பரோபகாரி என்று எல்லாம் வரும். அவர் உண்மையில் செய்த தொழில் மட்டும் வராது. தேவாரத்துக்கும் வம்சாவளிக்கும் நடுவே அது எங்கோ விழுந்து மறைந்துபோகும்.

அத்தகைய ஒருவரை எப்படி நினைவுகூர்வது? இக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அத்தொழிலின் பெயரைப் பார்ப்போம். இலங்கைத் தமிழில் இதனைச் சீர்மியம் என்று சொல்லிப் பார்த்தார்கள். இப்போது உளவளத்துணை என்பதே பெருவழக்கு. ஆற்றுப்படுத்தல் என்ற சொல்லும் இரு கரைகளிலும் வழங்குகின்றது. மூன்றிலும் எனக்கு உவப்பானது இந்தக் கடைசிச் சொல்தான். சங்க இலக்கியத்தில் பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை என்று ஒரு வகை உண்டு. வறுமையில் வாடிய கலைஞன் ஒருவன் வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் வழியில், தன்னைப் போலவே வாடி வரும் வேறொரு கலைஞனைக் கண்டு, நான் சென்ற வழி இது, நீயும் போ என்று வழி காட்டுவதே அதன் அமைப்பு. வழி காட்டுபவன் உயர்ந்த இடத்தில் நின்று புத்தி சொல்பவன் அல்லன். நேற்றுவரை பசியால் வாடியவன். அவன் வார்த்தைக்கு மற்றவன் செவி கொடுப்பதும் அதனால்தான். குடியிலிருந்து மீண்டவன் குடிப்பவனுக்கு வழி சொல்வதும் இதே முறையில்தான் உலகெங்கும் நடைபெறுகின்றது. இந்தப் பழைய சொல்லை இத்தொழிலுக்கு முதலில் இட்டவர் யாராயினும் வாழ்க.

இம்முறை இக்காலத்தில் வேரூன்றிய இடம் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள அக்ரன் என்னும் நகரம். டயர்த் தொழிற்சாலைகளின் நகரம் அது. அங்கே டொக்டர் பொப் என்று அழைக்கப்பட்ட றொபேட் ஸ்மித் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் வாழ்ந்தார். 1879இல் வெர்மொண்ட் மாநிலத்தில் பிறந்தவர். பதினேழு ஆண்டுகள் காத்திருந்து 1915இல் ஆன் என்னும் பெண்ணைக் கைப்பிடித்தவர். ஒரு மகன் பிறந்தான். ஒரு மகளைத் தத்தெடுத்தார்கள். வெளியே பார்ப்பவருக்கு நல்ல வைத்தியர், நல்ல குடும்பம். உள்ளே, நிலக்கரி வைக்கும் பெட்டி முதல் நிலவறை உத்தரம் வரை எங்கும் போத்தல்கள் ஒளிந்திருந்தன. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு அமுலில் இருந்தது. ஆயினும் வைத்தியர்கள் மருந்தாக மதுவை எழுதிக் கொடுக்கச் சட்டம் இடமளித்தது. தொலைபேசி விபரத்திரட்டைத் திறந்து, கண்ணில் பட்ட பெயர் ஒன்றுக்கு மருந்துச் சீட்டு எழுதித் தாமே வாங்கிக் குடித்ததாக அவரே பின்னாளில் எழுதினார். பகலில் கை நடுங்காதிருக்க மயக்க மாத்திரை, இரவில் மது என்று பல ஆண்டுகள் கழிந்தன.

1935 மே 12. நியூயோர்க்கிலிருந்து வந்து வியாபாரத்தில் தோற்று, அக்ரன் விடுதியில் தனித்திருந்த பில் வில்சன் என்பவர், குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவர், மறுபடியும் குடித்துவிடுவோமோ என்ற அச்சத்தில், தன்னைப் போன்ற இன்னொரு குடிகாரருடன் பேசவேண்டும் என்று தேடி, டொக்டர் பொப்பைச் சந்தித்தார். பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டு வந்த பொப், ஆறு மணித்தியாலம் இருந்தார். வந்தவர் புத்தி சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார் என்பதே காரணம். பிறகும் பொப் ஒருமுறை வழுக்கி விழுந்தார். அத்திலாந்திக் சிற்றியில் நடந்த வைத்தியர் மாநாட்டுக்குப் போனவர் நினைவு தப்பத் தப்பக் குடித்துத் திரும்பினார். அவருக்குப் புளித்த முட்டைக்கோசும் தக்காளியும் சோளப்பாகும் ஊட்டித் தேற்றினார்கள். ஜூன் 10ஆந் திகதி அவர் ஒரு சத்திரசிகிச்சை செய்யவேண்டியிருந்தது. கை நடுக்கம் நிற்பதற்காக ஒரு போத்தல் பியரைக் கொடுத்து வைத்தியசாலையில் இறக்கிவிட்டார் பில். அதுவே பொப்பின் கடைசி மது. சத்திரசிகிச்சை முடிந்த பின்பும் நெடுநேரம் அவர் வீடு திரும்பவில்லை. வீட்டில் இருந்தவர்களுக்கு நெஞ்சு பதைத்தது. அவரோ கடன்காரர்களையும் தம்மால் மனம் நொந்தவர்களையும் ஒவ்வொருவராகத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நாளையே அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ் என்னும் பெயர் வெளியிடாத குடிநோயாளர் இயக்கத்தின் பிறந்தநாளாகக் கொள்கின்றனர். ஏ.ஏ. என்பது அதன் சுருக்கப் பெயர்.

அதன்பின் பதினைந்து ஆண்டுகள் டொக்டர் பொப் வாழ்ந்தார். அந்தப் பதினைந்து ஆண்டுகளே எனக்கு முக்கியமானவை. நன்றாக வாழ்ந்த குடும்பஸ்தர் என்ற சொல்லை நாம் இலேசாகச் சொல்லிவிடுகிறோம். குடியிலிருந்து மீண்டவர் நல்ல குடும்பஸ்தர் ஆவது எவ்வாறு என்பதை அந்த வீட்டைப் பார்த்தால் விளங்கும். அந்தக் கோடைகாலம் முழுவதும் பில் அங்கேயே தங்கினார். பின்னர் வந்தவர்கள் பலர். காலை வேளைகளில் சமையலறையில் கோப்பி ஊற்றிக் கொடுத்து, வேதாகமத்திலிருந்து ஒரு பகுதியை வாசித்து, முந்திய இரவில் நடுங்கிக்கொண்டு வந்தவர்களை ஒரு நாள் தாண்ட வைத்தவர் ஆன். பிள்ளைகள் தம் கட்டிலை விருந்தினருக்குக் கொடுத்தார்கள். அவர்கள் முதலில் மீட்க முயன்ற எடி என்பவர், வெறியில் ஆனை இறைச்சி வெட்டும் கத்தியுடன் துரத்தினார். முயற்சி தோற்றது. அவரைக் கைவிட்டார்கள். 1950இல் டொக்டர் பொப்பின் இறுதிச் சடங்குக்கு வந்தவர்களிடையே அந்த எடியும் நின்றார். குடியை விட்டு ஓராண்டு ஆகியிருந்தது.

இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். குடிப்பவனுக்கு ஆபத்தான நேரம் மாலை. ஆற்றுப்படுத்துபவனைத் தேடி ஆள் வருவதும் தொலைபேசி அடிப்பதும் அந்த நேரத்தில்தான். அதாவது, குடியினால் முன்னர் குடும்பம் இழந்த அதே மாலைப்பொழுதுகளை, மீண்டபின்பும் அக்குடும்பம் இழக்கின்றது. இந்த முறை அறிந்து, சம்மதித்து இழக்கின்றது. ஆற்றுப்படுத்துநரின் புகழில் பாதி அவர் வீட்டாருக்கு உரியது என்று நான் சொல்வது உபசாரமாக அல்ல.

1939இல் அக்ரனில் உள்ள புனித தோமையார் வைத்தியசாலையில் இக்னேஷியா என்னும் கன்னியாஸ்திரியின் துணையுடன் பொப் குடிநோயாளரைச் சேர்க்கத் தொடங்கினார். அக்காலத்தில் வைத்தியசாலைகள் குடிகாரரை ஏற்பதில்லை. ஆகவே முதல் நோயாளியை இரைப்பை அழற்சி என்று பதிந்து உள்ளே எடுத்தார் அந்தச் சகோதரி. எங்கள் ஊர் மரண அறிவித்தல்களை அறிந்தவர்களுக்கு இந்த உபாயம் புதிதன்று. வேறுபாடு ஒன்றுண்டு: அங்கே பொய் சொல்லி நோயாளியை உள்ளே எடுத்தார்கள், நாங்கள் அவர் போன பின்னர் பொய் சொல்கிறோம். அடுத்த பத்தாண்டுகளில் ஐயாயிரம் பேர் வரையில் அவ்விருவர் பார்வையில் சிகிச்சை பெற்றதாகக் கணக்கு. இதற்காக டொக்டர் பொப் எவரிடமும் கட்டணம் பெறவில்லை.

1949 ஜூனில் ஆன் இறந்தார். அவருக்கும் பொப்புக்கும் பெரிய நினைவுச் சின்னம் ஒன்று எழுப்ப அன்பர்கள் திட்டமிட்டார்கள். அப்போது நோயுற்றிருந்த பொப் மறுத்துவிட்டார். மற்றவர்களைப் போலவே தங்களையும் புதைத்தால் போதும் என்றார். 1950 நவம்பர் 16ஆந் திகதி அவர் புற்றுநோயால் இறந்தார். அக்ரன் மயானத்தில் உள்ள கல்லறையில் பெயர்களும் ஆண்டுகளும் உண்டு; அவர் தோற்றுவித்த இயக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. குடியை விட்டவர்கள் இன்றும் அங்கு போகிறார்கள். குடியின்றிக் கழிந்த ஆண்டுகளைக் குறிக்கும் தங்கள் பதக்கங்களை அக்கல்லின் மேல் வைத்துவிட்டு வருகிறார்கள்.

அப்படியானால், அளவெட்டியில் கல்வெட்டு எழுதுபவர் அத்தொழிலைக் குறிப்பிடாமல் விடுவதில் என்ன பிழை? டொக்டர் பொப்பே விரும்பவில்லையே என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மறைத்தலில் இரண்டு வகை உண்டு. அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஏ.ஏ. இயக்கத்தினர் பத்திரிகை, வானொலி, திரைப்படம் ஆகியவற்றில் தம் முழுப்பெயரை வெளியிடுவதில்லை என்பது அவர்களுடைய மரபு. 1950 ஜூலையில் கிளீவ்லாந்து மாநாட்டில் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் நோக்கம் வெட்கத்தை மறைப்பதன்று, தற்பெருமையை அடக்குவது. பில் வில்சனின் படத்தை ரைம் சஞ்சிகை அட்டையில் போட விரும்பியது, முகம் தெரியாமல் முதுகுப்புறமாகவேனும் எடுக்கலாம் என்றார்கள், அவர் மறுத்தார். 1954இல் யேல் பல்கலைக்கழகம் தர முன்வந்த கௌரவப் பட்டத்தையும் மறுத்தார். 1971 ஜனவரியில் அவர் இறந்தபோதுதான் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை முழுப்பெயருடன் முதற்பக்கத்தில் செய்தி வெளியிட்டது. செய்தியாளன் என்ற முறையில் எனக்கு வியப்பூட்டும் கட்டுப்பாடு அது. நாற்பது ஆண்டு காலம் எழுதிய எனக்கு, தன் பெயர் வரவில்லையே என்று கேட்டு வந்தவர்களைத் தெரியும். தன் பெயர் வந்துவிடக் கூடாதே என்று வந்தவர்கள் மிகச் சிலர்.

அதே மரபைப் பற்றி டொக்டர் பொப் சொன்ன இன்னொரு கருத்து அதிகம் பேசப்படுவதில்லை. அம்மரபை மீற இரண்டு வழிகள் உண்டு என்பது அவர் எண்ணம். பத்திரிகையில் பெயரைப் போடுவது ஒன்று. உதவி தேடும் குடிகாரன் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குத் தன்னை மறைத்துக்கொள்வது மற்றொன்று. இரண்டும் தவறு என்றார். தொலைபேசி விபரத்திரட்டில் தேடினால் ஆள் கிடைக்கவேண்டும். ஒருகாலத்தில் அதே திரட்டில் கள்ளப் பெயர் தேடியவர் சொன்ன வார்த்தை இது.

இறந்தவரைப் பொறுத்தவரை, அதனை வெளியிடுவதா விடுவதா என்பதைக் குடும்பத்தின் முடிவுக்கே இயக்கம் விட்டுவிடுகின்றது. ஆகவே மரபு எங்கள் கையைக் கட்டவில்லை. எங்கள் கையைக் கட்டியிருப்பது வேறொன்று.

அது என்னவென்று விளங்குவதற்கு யாழ்ப்பாணத்தில் மதுவைப் பற்றி நாங்கள் பேசி வந்த முறையை நோக்கவேண்டும். 1920களில் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் மதுவிலக்கைக் கொள்கையாகக் கொண்டிருந்தது. அதன் அழைப்பில் 1927 நவம்பரில் காந்தி இங்கு வந்தபோது மதுவைக் குறித்தும் பேசினார். தவறணைகளை மூடக் கோரும் மனுக்களும் வாக்கெடுப்புகளும் எங்கள் பாட்டன்மார் காலத்து அரசியலின் பகுதி. 2024இல் வடக்கில் மதுபானசாலை அனுமதிப் பத்திரம் யார் யாருக்குப் போயிற்று என்பது பாராளுமன்றம் வரை சென்றது. ஆக, நூறு ஆண்டுகளாக நாங்கள் தவறணையைப் பற்றிப் பேசுகிறோம். தவறணைக்குள் இருக்கும் மனிதனைப் பற்றிப் பேசவில்லை. பத்திரிகைகளும் அப்படியே. மதுபானசாலைக்கு எதிரான ஆர்ப்பாட்டத்துக்குப் படத்துடன் மூன்று பத்தி. ஒருவன் குடியை விட்டு ஐந்தாண்டு ஆயிற்று என்றால் அது செய்தியன்று. மதுவிலக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடை மூடினால் குறைவாகக் குடிப்பவர்கள் உண்டு. ஆனால் நோயாகிவிட்டவனுக்குக் கடை எங்கிருந்தாலும் ஒன்றுதான். சாராயம் இல்லையென்றால் கசிப்பு. அக்ரன் வைத்தியருக்குத் தேசம் முழுவதும் அமுலான விலக்கே தடையாகவில்லை என்பதைப் பார்த்தோம்.

யுத்தம் இதனை மேலும் கடுமையாக்கியது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்து அளவெட்டி, மல்லாகம் பகுதிகளில் கொட்டில்களில் குடியேறினார்கள். 1995 ஒக்ரோபரில் வலிகாமமே ஒரே இரவில் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. காணியும் தொழிலும் இழந்த ஆண்களிடையே குடி பெருகியதை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோர் எழுதியிருக்கின்றனர். 1987இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கப்பட்ட சாந்திகம் என்னும் உளவளத்துணை நிலையம் குண்டுகள் விழுந்த காலத்திலும் இயங்கியது. அத்தகைய இடங்களில் பயிற்சி பெற்ற ஆண்களும் பெண்களும் சைக்கிளில் ஊர் ஊராகச் சென்று ஆறுதல் சொன்ன காலம் எங்கள் வரலாற்றின் மதிப்புக்குரிய பக்கங்களில் ஒன்று. அது எவருடைய கல்வெட்டிலும் உரிய இடம் பெறவில்லை. 2009இன் பின் குண்டுச் சத்தம் நின்றது, குடி நிற்கவில்லை. அண்மைக் காலத்தில் ஹெரோயினும் ஐஸ் என்னும் போதைப்பொருளும் இளைஞர்களிடம் வந்துசேர்ந்தன.

இவ்விடத்தில் சென்னையில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். இந்திய மத்திய நிதியமைச்சராக இருந்த ரி.ரி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் ரி.ரி. ரங்கநாதன். குடிநோயால் 1979இல் முப்பத்து மூன்று வயதில் இறந்தார். எவ்வளவு பெரிய குடும்பம் என்று சொல்லத் தேவையில்லை. மாரடைப்பு என்று ஒரு வரி எழுதிவிட்டு வாளாவிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவருடைய இளம் மனைவி சாந்தி ரங்கநாதன் அப்படிச் செய்யவில்லை. அமெரிக்கா சென்று குடிநோய்ச் சிகிச்சையில் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1980இல் சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு இறந்த கணவரின் பெயரையே வைத்தார். இந்நோயால் இறந்தவரின் பெயர் இந்நோயைத் தீர்க்கும் இடத்தின் வாயிற் பலகையில் எழுதப்பட்டது. தமிழில் நான் அறிந்த மிகத் துணிவான கல்வெட்டு அதுதான். அங்கு நோயாளிக்கு மட்டுமன்றி மனைவிக்கும் பெற்றோருக்கும் தனியே சிகிச்சை வகுப்புகள் உண்டு. மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்குச் சென்று முகாம் நடத்தினார்கள். இந்திய அரசு 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது; 1999இல் ஐக்கிய நாடுகளின் வியன்னா சிவில் சமூக விருதும் கிடைத்தது. விருதுகளைப் பார்க்கிலும் அந்தப் பெயர்ப்பலகையே எனக்குப் பெரிது. மீண்டவரின் குடும்பத்துக்குச் சொல்ல ஒரு வெற்றிக் கதையாவது உண்டு. சாந்திக்கு அதுவும் இருக்கவில்லை.

இனி எங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். கல்வெட்டு எழுத உட்காரும்போது இத்தகைய தகவல் வெளிவந்தால், வீட்டில் மூத்தவர் ஒருவர் மெல்லப் பக்கத்தில் வந்து, "ஐயா, உதை மட்டும் போடாதேங்கோ, கடைசிப் பிள்ளையின்ரை கலியாணம் பேச்சிலை கிடக்கு" என்பார். இதனைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சம்பந்தம் பேச வருபவர்கள் நாலு வீடு விசாரித்துத்தான் வருவார்கள். குடிகாரன் வீட்டுப் பிள்ளை என்ற பேச்சு ஒரு பெண்ணின் வாழ்வைத் தாமதப்படுத்திய வீடுகளை நாம் எல்லோரும் அறிவோம். மனைவி சரியாக இருந்தால் அவன் ஏன் குடிக்கிறான் என்று கேட்கும் வாய்களும் இன்னும் ஓயவில்லை. அந்த வீட்டார் பயப்படுவதற்குக் காரணம் உண்டு.

ஆனால் ஒன்றை யோசிக்கவேண்டும். அவர் குடித்த காலத்தில் ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். தெருவில் விழுந்ததைக் கண்டவர்கள் இருப்பார்கள். தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போனதை அறிந்தவர்கள் இருப்பார்கள். இரகசியம் என்று எதுவும் இல்லை. கல்வெட்டு அந்தப் பகுதியை விட்டுவிடுவதால் ஊர் அதனை மறப்பதில்லை. மறந்துபோவது, பின்னைய இருபது ஆண்டுகள்தான். வீழ்ந்ததை ஊர் சொல்லும். மீண்டதை வீட்டார்தான் சொல்லவேண்டும். அதனைச் சொல்லாமல் விட்டால் அவரிடம் எஞ்சுவது வீழ்ச்சி மட்டுமே. மறைப்பதனால் மகளுக்கு நன்மை செய்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் அவள் தகப்பனின் சாதனையை அவளிடமிருந்து எடுத்துவிடுகிறோம்.

இன்னொரு பயனும் உண்டு. அந்தியேட்டி வீட்டுக்கு வரும் நூறு பேரில் இரண்டொருவர் அன்று காலையும் கை நடுங்கியபடி எழுந்தவர்களாக இருப்பர். அவர்கள் வீட்டுப் பெண்களும் வந்திருப்பார்கள். தவறணை வாசலில் நின்று புருஷனைக் கூட்டிவந்த பெண், பந்தி முடிந்து வீட்டுக்குப் போய், அந்நூலைப் புரட்டும்போது, இவரும் இப்படி இருந்தவராம், இன்ன இடத்துக்குப் போய் மீண்டாராம் என்று வாசித்தால், அந்த ஒரு வரி திதி வெண்பாவைவிட அவளுக்கு உதவும். குடி ஒரு நோய் என்பதை அமெரிக்க வைத்தியர் சங்கம் 1956இலேயே ஏற்றுக்கொண்டது. எங்கள் ஊர்களில் அது இன்னும் குணக்கேடாகவே கருதப்படுகின்றது. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டு மூன்று நாள்களுக்குள் வலிப்பும் மதிமயக்கமும் வந்து உயிராபத்து நேரலாம் என்பதைக்கூடப் பலர் அறியார். கோயிலில் சத்தியம் பண்ண வைத்து அறையில் பூட்டுகிறார்கள். வைத்தியர் மேற்பார்வை தேவை. அளவெட்டியாருக்கு அது தூர தேசத்திலும் இல்லை. அயலூரான தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் உளமருத்துவப் பிரிவு உண்டு. போவதற்கு வெட்கப்படுகிறார்கள், அவ்வளவே. முன்னர் போய் வந்தவர்களின் பெயர் எங்கும் எழுதப்படாததால், போகப் போகும் முதல் ஆள் தான்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே என் ஆலோசனை சிறியது. அவரால் மீண்ட பிறர் பெயரை ஒருபோதும் எழுதவேண்டாம். அவை அவருடைய நெஞ்சோடு போகவேண்டியவை. அவர் அறிந்தும் சொல்லாமல் விட்டவற்றைச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. அவருடைய சொந்தக் கதையை, மனைவியும் பிள்ளைகளும் ஒருமனப்பட்டால், மூன்று வாக்கியத்தில் எழுதலாம். இத்தனை ஆண்டுகள் மதுவால் வருந்தினார். இன்ன ஆண்டில் விட்டார். அதன்பின் இறக்கும்வரை, அந்த வழியில் வந்தவர்களுக்குத் துணை நின்றார். மனைவி புலம்பல் எழுதும் புலவர் விரும்பினால் அவர் தந்த மாலைப்பொழுதுகளையும் அங்கே சேர்க்கலாம். பூவும் பொட்டும் போனதை மட்டும் பாடிப் பாடி அந்தப் பகுதி தேய்ந்துவிட்டது. வீட்டார் ஒருமனப்படாவிட்டால் விட்டுவிடலாம். வற்புறுத்தி எழுதும் காரியமன்று இது.

அந்த மூன்று வாக்கியங்களுக்கும் மனம் துணியாதவர்களுக்கு வேறொரு வழி உண்டு. கல்வெட்டின் கடைசிப் பக்கத்தில் பெரும்பாலும் அச்சகத்தின் பெயரும் தொலைபேசி இலக்கமும் மட்டுமே இருக்கும். மேலே முக்காற் பக்கம் வெறுமையாகக் கிடக்கும். அங்கே 1926 என்னும் தேசிய உளநல உதவி இலக்கத்தையும் தெல்லிப்பழை உளமருத்துவப் பிரிவின் கிளினிக் நாள்களையும் போடலாம். அதற்கு அச்சகத்தார் மேலதிகமாகக் காசு கேட்பதில்லை.